அப்பாச்சி தொடங்கியதும் நின்றுவிடுவது: 80ஆம் போர்ட்டைச் சோதியுங்கள்

வணக்கம். விண்டோஸ் மடிக்கணினியில் எக்ஸாம்ப் (இணையதளங்களைச் சொந்தக் கணினியிலேயே சோதிக்க உதவும் மென்பொருள் தொகுப்பு) நிறுவியபின் அதிலுள்ள மைசீக்வல் என்ற தரவுத்தளம் இயங்குகிறது, அப்பாச்சி என்ற வலைச் சேவையகம் மட்டும் தொடங்கிய உடனே நின்றுவிடுகிறது, மறுபடி நிறுவியும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாச்சிக்கு வேண்டிய 80ஆம் போர்ட்டை, அதாவது வலைக் கோரிக்கைகள் வந்துசேரும் எண்ணிட்ட வாசலை, வேறொரு நிரல் பிடித்து வைத்திருந்தால் எத்தனை முறை நிறுவினாலும் இப்படித்தான் ஆகும். எக்ஸாம்ப் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள நெட்ஸ்டாட் பொத்தானை அழுத்தி, வரும் போர்ட் பட்டியலில் 80க்கு நேரே எந்த நிரலின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 4 என்ற செயல்முறை எண்ணுடன் (PID) சிஸ்டம் என்றிருந்தால், அது பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வலைச் சேவையகமான ஐஐஎஸ் சேவையாக இருக்கும். அதை நிறுத்தலாம்தான்; ஆனால் அப்பாச்சியின் அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பை (httpd.conf) திறந்து, ‘லிசன் 80’ என்ற வரியையும் சர்வர்நேம் வரியில் உள்ள 80ஐயும் 8080 என்று மாற்றிச் சேமித்துவிட்டு, அப்பாச்சியை மீண்டும் தொடங்குவதே என் பார்வையில் தொல்லை குறைந்த வழி. அதன்பின் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்பதை அடுத்து முக்காற்புள்ளி இட்டு 8080 சேர்க்க மறவாதீர்கள். அப்போதும் நின்றால், பாதுகாப்பான (https) இணைப்புக்கு அப்பாச்சி பயன்படுத்தும் 443ஆம் போர்ட்டையும் அதே பட்டியலில் பாருங்கள்.