கதிர்வீச்சைத் தடுக்குமா ஸ்டிக்கர்?

கேள்வி: செல்போனில் ஒட்டும் ‘கதிர்வீச்சுத் தடுப்பு’ ஸ்டிக்கர், கழுத்தில் மாட்டும் ‘5ஜி பாதுகாப்பு’ டாலர் எல்லாம் விற்கிறார்கள். பலன் உண்டா?

பதில்: இல்லை. போன் பேச வேண்டுமானால் அலை வெளியே போயே ஆகவேண்டும். ஸ்டிக்கர் உண்மையிலேயே ஆன்டெனாவை மறைத்தால், கோபுரத்தை எட்டுவதற்காகப் போன் தன் சக்தியைக் கூட்டும். பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

டாலர் இன்னும் மோசம். 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய 10 பொருட்களைச் சோதித்து, அவற்றிலிருந்தே அயனியாக்கும் கதிர்வீச்சு வருவதாக எச்சரித்தது. டிஎன்ஏவைச் சிதைக்கக்கூடியது அந்த வகைதான். போனின் ரேடியோ அலைக்கு அந்த ஆற்றல் கிடையாது. திசுவைச் சற்றே சூடாக்கும், அவ்வளவுதான். குழந்தைகள் கழுத்தில் அந்த டாலரை மாட்டியிருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.

இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட எஸ்ஏஆர் (போனின் ரேடியோ அலை ஆற்றலை உடல் உறிஞ்சும் வீதம்) அளவு கிலோவுக்கு 1.6 வாட். *#07# அழுத்தி உங்கள் போனின் அளவைப் பார்க்கலாம். அதையும் குறைக்க விரும்பினால் ஸ்பீக்கரிலோ வயர் இயர்போனிலோ பேசுங்கள். லிஃப்டிலும் சிக்னல் ஒரு கோடாக இருக்கும் இடத்திலும் நீண்ட நேரம் பேசாதீர்கள்.