கூகுள் டாக்ஸில் பலர் சேர்ந்து எழுதியதைச் சிதறாமல் வேர்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

மலர்க்குழுவில் நான்கு பேர் கூகுள் டாக்ஸில் எழுதியதை வேர்டில் ஒட்டினால் தலைப்பும் எழுத்துருவும் மாறிவிடுகின்றன, கமென்ட்கள் காணாமல் போகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே கதைதான். எங்கள் பள்ளியின் பொன்விழா மலரைப் பழைய மாணவர்கள் ஒன்பது பேர் ஒரே கோப்பில் எழுதினோம். கடைசி வாரத்தில் அவசரத்தில் மொத்தத்தையும் காப்பி செய்து வேர்டில் ஒட்டி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கமென்டில் குறித்திருந்த பெயர்த் திருத்தங்கள் அதில் வரவே இல்லை. இறந்துபோன நண்பன் ஒருவனின் பெயர் தவறான முதலெழுத்தோடு அச்சானது. அவன் அம்மா கையில் அந்த மலரைக் கொடுத்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் ஒட்டாதீர்கள், பதிவிறக்குங்கள். ஃபைல் மெனுவில் டவுன்லோட் போய் மைக்ரோசாஃப்ட் வேர்டு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், கமென்ட்கள் எழுதியவர் பெயரோடு ஓரத்தில் வந்து நிற்கும். சஜஷன் முறையில் செய்த திருத்தங்கள் டிராக் சேஞ்சஸாக மாறிவிடும். ஒவ்வொன்றாக ஏற்கலாம், தள்ளலாம். எடிட்டர் அனுமதி உள்ளவரே இறக்கட்டும். பார்வையாளர் அனுமதி மட்டும் உள்ளவருக்குக் கமென்ட்களே தெரியாது.

வெர்ஷன் ஹிஸ்டரி, அதாவது யார் எப்போது என்ன மாற்றினார் என்ற பழைய பதிப்புகளின் பதிவு, மட்டும் கூட வராது. இறக்குவதற்கு முன் அன்றைய பதிப்புக்கு ‘அச்சுக்குப் போனது’ என்பது போல ஒரு பெயர் வைத்துவிடுங்கள். அப்புறம் யாராவது உள்ளே போய் மாற்றினாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தலைப்புகளை டாக்ஸிலேயே சரிசெய்துவிடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கியது தலைப்பு ஆகாது; ஹெடிங் 1, ஹெடிங் 2 கொடுத்திருந்தால்தான் வேர்டில் பொருளடக்கம் தானாக உருவாகும்.

எழுத்துரு மாறுவதற்குக் காரணம் எளிது. டாக்ஸில் தெரியும் கேடமரன் போன்ற எழுத்துரு இணையத்திலிருந்து வருகிறது, உங்கள் கணினியில் இல்லை. வேர்டு அதற்குப் பதில் நிர்மலா போல வேறொன்றைப் போட்டுவிடும், வரிகள் நகர்ந்து பக்கக் கணக்கும் மாறும். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாக இறக்கி நிறுவுங்கள். வேர்டுக்குப் பதில் லிப்ரேஆஃபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தால், தமிழுக்கான எழுத்துரு காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்று தனியாக இருக்கும். ஆங்கில எழுத்துருவை மட்டும் மாற்றிவிட்டு ஏன் மாறவில்லை என்று தேட வேண்டாம்.

படங்கள் தனியாக வேண்டுமென்றால் அதே டவுன்லோட் பட்டியலில் வெப் பேஜ் வடிவத்தை எடுங்கள். ஜிப் கோப்புக்குள் படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கும்.

டாக்ஸிலும் வேர்டிலும் நாம் அடிக்கும் தமிழ் யூனிகோடு என்ற குறியீட்டு முறையில் இருக்கிறது; அது அச்சகத்தில் ஓடுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய எழுத்துருக்களை வைத்து வேலை செய்பவர்கள் உங்கள் வரிகளை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் போட்டு மாற்றுவார்கள். அங்கே வெறும் எழுத்து மட்டும்தான் போகும், கமென்டும் திருத்தக் குறியும் போகாது. ஆகவே வேர்டில் கடைசிக் கமென்ட் வரை தீர்த்துவிட்டு அனுப்புங்கள். புரூஃப் வந்ததும் பெயர்ப் பட்டியலை மட்டும் இருவர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் தாளில் விரல் வைத்துப் பாருங்கள், முதலெழுத்து உட்பட.