'விழுங்கினாலும் பயமில்லை' பற்பசை வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறது. தேய்க்கும்போது லேசாக ரத்தமும் வருகிறது. 'ஃப்ளோரைடு இல்லாதது, விழுங்கினாலும் பயமில்லை' என்று போட்ட குழந்தைப் பற்பசையைத்தான் வாங்கி வருகிறோம். மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுங்கள். சொத்தையைத் தடுக்க ஃப்ளோரைடு வேண்டும். கடையில் ட்யூபைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியம் ஃப்ளோரைடு அல்லது சோடியம் மோனோஃப்ளோரோஃபாஸ்பேட் என்ற பெயரும், 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஃப்ளோரைடு எத்தனை பங்கு என்ற அளவு) அல்லது அதற்குக் கொஞ்சம் மேலான எண்ணும் இருக்க வேண்டும். 500 போட்டவையும் விற்கின்றன. அந்த அளவு சொத்தையைத் தடுக்குமா என்பது உறுதியில்லை. முன்பக்கத்துக் கார்ட்டூன் படத்துக்குத்தான் பல நேரம் கூடுதல் விலை.

விழுங்கிவிடுவாளே என்ற பயம் நியாயமானதுதான். நிரந்தரப் பற்கள் உருவாகும் வயதில் தொடர்ந்து அதிகமாக விழுங்கினால் அவற்றில் வெள்ளைத் திட்டுகள் வரலாம். அதனால் அளவில் கண்டிப்பாக இருங்கள்: 3 வயது வரை அரிசி மணியளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்குகிறார்களே, அப்படிச் செய்தால் விழுங்கும் அளவும் கூடும், ட்யூபும் சீக்கிரம் தீரும். குடிக்கும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றால் மட்டும், பல் மருத்துவரைக் கேட்ட பிறகு வாங்குங்கள்.

அந்த வெள்ளைக் கோட்டைத் தள்ளிப்போட வேண்டாம். கிருமிகள் சர்க்கரையிலிருந்து உண்டாக்கும் அமிலம் எனாமலின் (பல்லின் கடினமான மேற்பூச்சு) தாதுக்களைக் கரைக்கத் தொடங்கிய அடையாளமாக அது இருக்கலாம். பால்புட்டியோடு தூங்கும் குழந்தைகளுக்கு முதலில் அடிபடுவது இந்த மேல் முன்பற்கள்தான். குழி விழாத வரை மீட்க வழி உண்டு. மருத்துவர் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசக்கூடும். 'விழப்போகிற பல்தானே' என்று விட்டால், பால் பல்லின் எனாமல் மெல்லியது, சொத்தை வேகமாக உள்ளே இறங்கிவிடும்.

ரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஈறோரம் படிந்த அழுக்குதான் பெரும்பாலும் காரணம். சின்னத் தலையும் மெல்லிய இழையும் உள்ள பிரஷ் போதும். பாட்டுப் பாடும் பிரஷ்ஷெல்லாம் உங்கள் விருப்பம். ஏழெட்டு வயது வரை நீங்களே தேய்த்துவிடுங்கள். இரவு தேய்த்ததும் துப்பச் சொல்லுங்கள், வாய் கொப்பளிக்க வேண்டாம். அப்புறம் குடிக்கத் தண்ணீர் மட்டும்தான். ஓரிரு வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டால் மருத்துவரிடம் அதையும் காட்டுங்கள்.

மவுத்வாஷ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பற்பசைக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள். ஆறு வயதுக்குள் வேண்டாம்.