லாப் அக்கா பதில்கள்: பக்கத்துக் கட்டிலில் படுத்தால் போதாதா?

போன மாதம் கல்லடியில் நடந்த ஒரு இரத்ததான முகாமைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு சொப்பிங் பை நிறைய. முப்பத்தொரு வருடம் ஆய்வுகூடத்தில் நின்றவள், அதில் பாதிக்கு மேல் இரத்த வங்கியில் கழித்தவள் என்பதால், ஆசிரியர் தம்பி இந்த முறை பக்கம் முழுவதையும் இரத்தத்துக்கே விட்டுத் தந்திருக்கிறார்.

அண்ணன் மோட்டார் சைக்கிளில் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. இரத்தம் வேண்டும் என்றார்கள். அவருக்கும் எனக்கும் ஓ பொசிட்டிவ்தான். என்னிடம் எடுத்து உடனே ஏற்றுங்கள் என்று கெஞ்சினேன். "நீங்கள் கொடுக்கலாம், ஆனால் அது அண்ணனுக்குப் போகாது" என்றார்கள். முக்கால் மணித்தியாலம் கழித்து யாரோ முகம் தெரியாத ஒருவரின் இரத்தத்தை ஏற்றினார்கள். சொந்தத் தம்பியை விட அந்த ஆள் எப்படி மேல்?
— வாசகர், களுவாஞ்சிக்குடி

அண்ணன் இப்போது நடக்கிறாரா இல்லையா என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே தம்பி. நடக்கிறார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மனதில் இருப்பது சினிமாவில் வரும் காட்சி. இரண்டு கட்டில், நடுவில் ஒரு குழாய், இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் அண்ணன். அது முழுப் பொய்யும் இல்லை. 1908இல் நியூயோர்க்கில் அலெக்சிஸ் கரெல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், பிறந்து சில நாளான ஒரு குழந்தையின் கால் நாளத்தோடு தகப்பனின் மணிக்கட்டு நாடியைத் தைத்தே இணைத்தார். குழந்தை பிழைத்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கொடுப்பவரின் நாடியை ஒவ்வொரு தரமும் வெட்ட வேண்டும். எவ்வளவு போனது என்று அளக்க வழியில்லை. இடையில் எங்காவது உறைந்தால் எல்லாம் நின்றுவிடும். குறூப் பார்த்து ஏற்றும் வழக்கமும் அப்போது பரவியிருக்கவில்லை.

குறூப் என்ற விஷயம் அதற்கு ஏழெட்டு வருடம் முன்னமே தெரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனர் தன் இரத்தத்தையும் கூட வேலை செய்தவர்களின் இரத்தத்தையும் எடுத்து, ஒருவரின் சிவப்பணுக்களை இன்னொருவரின் சீரத்தோடு, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரோடு, கலந்து பார்த்தார். சில சோடிகள் பால் திரைந்த மாதிரிக் கட்டிபட்டன, சில அப்படியே இருந்தன. 1901இல் அதை எழுதி, மனிதரை மூன்று வகையாகப் பிரித்தார். நாலாவதான ஏபி அடுத்த வருடம் அவருடைய சகாக்களிடமிருந்து வந்தது. நோபல் பரிசு கிடைத்தது 1930இல்தான். அவர் பிறந்த ஜூன் 14ஐத்தான் இப்போது உலக இரத்ததானத் தினமாகக் கொண்டாடுகிறோம். 1907இல் ரூபன் ஒட்டன்பேர்க் என்பவர் ஏற்றுவதற்கு முன்பே இரண்டு பேரின் இரத்தத்தையும் கலந்து பார்க்கத் தொடங்கினார். நாங்கள் லாபில் "குறொஸ்மெச்" என்று சொல்வது அதைத்தான்.

உங்களைக் காக்க வைத்த அந்த முக்கால் மணித்தியாலமும் அதுதான். ஏ, பி, ஓ என்பது வீட்டின் முன்கதவு மாதிரி. உள்ளே இன்னும் எத்தனையோ கதவுகள். முன்பு இரத்தம் ஏற்றியவர்களின் உடம்பிலும், பிள்ளை பெற்ற பெண்களின் உடம்பிலும் வேறு எதிர்பொருட்கள், அதாவது அந்நிய அணுவைத் தாக்க உடம்பே செய்யும் பொருட்கள், உருவாகியிருக்கக்கூடும். குறூப் ஒன்றாக இருந்தாலும் அவை சண்டைக்கு வரும். அதனால் நோயாளியின் சீரத்தையும் பையிலுள்ள சிவப்பணுக்களையும் சேர்த்து, உடல் சூடான 37 பாகையில் வைத்து, சுழற்றி, கழுவி, மறுபடி சுழற்றிப் பார்ப்போம். உயிர் போகிற அவசரம் என்றால் அதுவரை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். டொக்டர் கையெழுத்து வைத்ததும் ஓ குறூப் உடனே போகும்.

சரி, உங்கள் இரத்தத்துக்கு வருவோம். எடுத்த எந்த இரத்தமும் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று சோதிக்காமல் ஆருக்கும் போகாது. அது அரை மணித்தியாலத்தில் முடிகிற காரியமில்லை. அடுத்தது, நீங்கள் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: கூடப்பிறந்தவரின் இரத்தத்துக்கு அந்நியனின் இரத்தத்தில் இல்லாத ஒரு ஆபத்து உண்டு. உங்கள் வெள்ளையணுக்களில் ஒரு வகை, அண்ணனின் உடம்புக்குச் சொந்தக்காரன் மாதிரியே தெரியும். அவருடைய உடம்பு அதை விரட்டாமல் இருக்க விடும். அது அங்கே குடியேறி வீட்டுக்காரனையே தாக்கத் தொடங்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் தப்புவது மிகக் கடினம். அதனால் நெருங்கிய உறவினரின் இரத்தத்தை ஏற்றியே ஆகவேண்டுமென்றால் கதிர்வீச்சு பாய்ச்சிவிட்டுத்தான் ஏற்றுவார்கள்.

ஆக, உங்கள் அண்ணனுக்குப் போனது போன வாரமோ அதற்கு முன்போ ஆரோ ஒருவர் கொடுத்து, சோதித்து, குளிரில் தயாராக இருந்த பை. நீங்கள் அன்று கொடுத்தது இன்னொரு அண்ணனுக்குப் போயிருக்கும்.

இரத்தத்தைச் சும்மா வாங்கிக்கொண்டு "வங்கி" என்று ஏன் பெயர் வைத்தார்கள்? விற்கிறார்கள் என்று எங்கள் ஊர்க் கடையடியில் பேச்சு.
— வாசகர், ஏறாவூர்

கடையடிப் பேச்சைக் கடையடியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏற்றும் இரத்தத்துக்குக் காசு இல்லை. எடுப்பது தேசிய குருதி மாற்றுச் சேவை. கொடுப்பவர்களும் காசு வாங்காத தொண்டர்கள்தான்.

வங்கி என்ற பெயரை வைத்தவர் பேர்னார்ட் ஃபான்டஸ், சிக்காகோவின் குக் கவுண்டி ஆஸ்பத்திரியில், 1937 மார்ச்சில். போட்டால்தான் எடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. ஆஸ்பத்திரியின் ஒரு வாட்டு இரத்தம் எடுத்தால் அந்த வாட்டே திருப்பி வைக்க வேண்டும். எங்கள் பக்கமும் முன்பு "ஒரு பைன்ட் எடுத்தால் ஆள் கொண்டு வாருங்கள்" என்று உறவினரை அலைய விட்ட காலம் இருந்தது. எனக்கு அது என்றைக்குமே பிடித்ததில்லை. வாகரையிலிருந்து ஒற்றை ஆளாக மனைவியைக் கொண்டு வந்தவன் ஆரைத் தேடுவான்?

ஆனால் வங்கி உருவாக முதலில் இரத்தம் உறையாமல் இருக்க வேண்டுமே. வெளியே எடுத்த இரத்தம் சில நிமிடத்தில் கட்டியாகிவிடும். 1914இல் பிரசல்ஸில் ஹஸ்டின், அதே வருடம் புவனஸ் அயர்ஸில் அகோட் என்பவர், இருவரும் தனித்தனியே சோடியம் சிட்ரேற்றைக் கலந்து ஏற்றிப் பார்த்தார்கள். உறைவதற்குக் கல்சியம் வேண்டும், சிட்ரேற் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். அடுத்த வருடம் நியூயோர்க்கில் லூவிசன் ஆபத்தில்லாத அளவைக் கண்டுபிடித்தார், 0.2 வீதம். 1916இல் ரௌஸும் டேர்னரும் அதோடு குளுக்கோசையும் சேர்த்தார்கள், சிவப்பணு சாப்பிட. 1917இல் ஒஸ்வால்ட் றொபேட்சன் என்ற அமெரிக்க இராணுவ டொக்டர், பிரான்சின் போர்முனையில் ஓ குறூப் இரத்தத்தைப் போத்தலில் எடுத்து, வெடிப்பொருள் பெட்டிகளில் ஐஸும் மரத்தூளும் அடைத்து வைத்திருந்தார். உலகின் முதல் இரத்த வங்கி என்று நான் அதைத்தான் சொல்வேன். ஃபான்டஸ் வைத்தது பெயர்தான்.

அதைப் படித்த நாளில் எனக்குச் சிரிப்பு வந்தது. மாரி காலத்தில் படுவான்கரைப் பக்கம் முகாம் முடித்து, மண்டூர்த் துறையில் ஆற்றைக் கடக்கும் பாதைப் படகுக்காகக் காத்து நிற்கையில், ஐஸ் பெட்டியின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நான் நனைந்திருக்கிறேன். கூட வந்த அற்றன்டன் ஐயா, "மிஸ், பிள்ளைத்தாய்ச்சியைக் கூட ஆரும் இப்படிப் பொத்திப் பொத்திக் கொண்டு போறதில்லை" என்பார்.

இப்போது பையில் எடுக்கும் சிவப்பணு 2 முதல் 6 பாகை குளிரில் 35 நாள், சில கரைசல் சேர்த்தால் 42 நாள் இருக்கும். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களைக் குளிரில் வைத்தால் கெட்டுவிடும். அதை அறைச் சூட்டில் வைத்து, தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் ஐந்து நாள்தான். டெங்குக் காலத்தில் நாங்கள் தூங்காமல் இருந்தது இதனால்.

உம்மாவுக்கு இரத்தம் ஏற்ற வந்த மிஸ், கட்டிலருகே நின்று பெயர் என்ன, பெயர் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டிக்கெட்டில் எழுதியிருக்கிறதே என்று உம்மாவுக்கு எரிச்சல்.
— வாசகி, அக்கரைப்பற்று

உம்மாவிடம் என் சலாத்தைச் சொல்லி, இந்தக் கதையையும் வாசித்துக் காட்டுங்கள் மகள்.

நான் வேலை செய்த ஒரு ஆஸ்பத்திரி. எது என்று சொல்ல மாட்டேன். ஒரே வாட்டில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள், ஒருவர் ஏழாம் கட்டில், மற்றவர் பதினேழு. இரவு நேரம், லைட்டும் போய்ப் போய் வந்தது. ஏழாம் கட்டிலின் பெயரும் இலக்கமும் எழுதிய குழாயில் பதினேழின் இரத்தம் வந்து சேர்ந்தது. நான் குறூப் பார்த்தேன், பி பொசிட்டிவ். பதிவுப் புத்தகத்தைப் புரட்டினால், அதே பெண் மூன்று வருடம் முன்பு ஏ பொசிட்டிவ். மனிதரின் குறூப் மாறாது. புத்தகம் இல்லாமலிருந்தால், அல்லது எனக்கு அன்று சோம்பல் வந்திருந்தால்? நானே வாட்டுக்கு ஓடினேன். அன்றிரவு கை நடுங்கியது இன்றும் ஞாபகம்.

குறூப் மாறி ஏற்றி உயிர் போன சம்பவங்களில் பெரும்பாலானவை லாபின் பிழையால் வந்தவை இல்லை. ஆள் மாறியதால், பெயர்ச் சீட்டு மாறியதால் வந்தவை. எனவே மிஸ் நாலாவது தரம் கேட்டாலும் உம்மா பெயரைச் சொல்லட்டும்.

ஆட்டு இரத்தத்தை மனிதனுக்கு ஏற்றினார்களாமே, உண்மையா?
— உயர்தர மாணவன், கல்முனை

உண்மை. 1667 ஜூனில் பாரிசில் டெனி என்ற டொக்டர், காய்ச்சலில் கிடந்த 15 வயதுப் பையனுக்கு ஆட்டுக்குட்டி இரத்தம் ஏற்றினார். பையன் பிழைத்தான், ஏற்றியது கொஞ்சம் என்பதால். பிறகு மோர்வா என்ற ஒருவருக்குக் கன்றுக்குட்டி இரத்தம். இரண்டாம் தரத்தில் கை சூடேறி, இடுப்பு வலித்து, மூத்திரம் கரியாகப் போனது. இன்று எந்த லாப் பிள்ளையும் அதைக் கேட்டதும் "குறூப் பொருந்தவில்லை" என்று சொல்லும். அந்த ஆள் இறந்து, வழக்கு வந்து, மனைவி கொடுத்த நஞ்சுதான் காரணம் என்று டெனி தப்பினார். ஆனால் இரத்தம் ஏற்றும் வேலை அதோடு சுமார் 150 வருடம் முடங்கிப்போனது. 1818இல் லண்டனில் பிளன்டல் என்ற மகப்பேற்று டொக்டர், பிள்ளைப்பேற்றில் இரத்தம் வடிந்து பெண்கள் சாவதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் மறுபடி தொடங்கினார். மனிதனுக்கு மனித இரத்தமே வேண்டும் என்று அடித்துச் சொன்னவர் அவர். அவர் ஏற்றியவர்களில் பாதிப்பேர்தான் பிழைத்தார்கள். மற்றவர்கள் ஏன் செத்தார்கள் என்று சொல்ல லான்ட்ஸ்டைனர் பிறந்து வர வேண்டியிருந்தது.

மகளுக்கு நெகட்டிவ் குறூப் என்று தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் யோசிக்கிறார்கள். பிள்ளை தங்காதாமே?
— ஒரு தாய், ஆரையம்பதி

யோசிக்கிறவர்கள் யோசித்துக்கொண்டே இருக்கட்டும் தங்கச்சி, நீங்கள் வேறு இடம் பாருங்கள். கோபத்தில்தான் சொல்கிறேன்.

தாய் நெகட்டிவ், பிள்ளை பொசிட்டிவ் என்றால் பிரசவத்தின்போது பிள்ளையின் இரத்தம் கொஞ்சம் தாயில் கலக்கும். தாயின் உடம்பு அதற்கு எதிர்பொருள் செய்யும். அது வழக்கமாக முதல் பிள்ளையைத் தொடாது, அடுத்ததைத் தாக்கலாம். 1939இல் லெவைனும் ஸ்டெட்சனும் ஒரு தாயிடம் இதன் அடையாளத்தைக் கண்டார்கள். இந்தப் பொசிட்டிவ், நெகட்டிவ் பிரிவுக்கு அடுத்த வருடம் ஆர்எச் என்ற பெயர் வந்தது. 1960களிலிருந்து அன்டி-டி ஊசி இருக்கிறது. பிரசவமாகி 72 மணித்தியாலத்துக்குள் போட்டால் அந்த எதிர்பொருள் உருவாகாது. கரு கலைந்தாலும் போட வேண்டும். மகள் கர்ப்பமானதும் முதல் கிளினிக்கிலேயே சொல்லிவிட்டால் போதும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

கணவர் நாலு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கிறார். வேளாண்மை வெட்டும் ஆள். உடம்பு என்னத்துக்கு ஆகும்?
— வாசகி, வெல்லாவெளி

எடுப்பது 450 மில்லிலீட்டரளவு, உடம்பில் ஓடுவது ஐந்து லீட்டரளவு. நீர்ப்பங்கு ஓரிரு நாளில் திரும்பிவிடும். சிவப்பணுவுக்குச் சில வாரம், இரும்புச் சத்துக்கு இன்னும் கூட. அதனால்தான் நாலு மாத இடைவெளி. கொடுத்த அன்றைக்கு வயலில் இறக்காதீர்கள். முருங்கையிலையில் தேசிக்காய் பிழிந்து கொடுங்கள், சோறு தின்ற கையோடு தேத்தண்ணி கொடுக்காதீர்கள். தேத்தண்ணி இரும்பை உடம்பில் சேர விடாது.

அக்கா, நீங்கள் எத்தனை தரம் கொடுத்திருக்கிறீர்கள்?
— வாசகி, செங்கலடி

பதினாலு. பதினைந்தாவதுக்குப் போனபோது, நான் பழக்கிவிட்ட பிள்ளை விரலில் குத்திப் பார்த்துவிட்டு, ஹீமோகுளோபின் 11.8 என்றாள். அது போதாது. "நான்தானே பிள்ளை, எடு" என்றேன். "நீங்கள்தானே மிஸ் சொல்லித் தந்தீங்க, ஆரெண்டு பார்க்கப்படாது எண்டு" என்று சொல்லி, கையில் ஒரு பிஸ்கட் பக்கெட்டைத் தந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.