கேமரா வாங்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. விடுமுறை நாட்களில் சோழர் காலக் கோயில்களுக்குப் போய், சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் படம் எடுத்து வந்து வகுப்பில் காட்டுகிறேன். இதுவரை செல்போன்தான். மண்டபத்துக்குள் எடுத்தால் எழுத்துகள் தெளிவாக வருவதில்லை. கடையில், லென்ஸை மாற்றிப் போடக்கூடிய கேனன் 1500டி டிஎஸ்எல்ஆரை இரண்டு லென்ஸோடு சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகனோ, "உனக்கு எதுக்கும்மா அவ்வளவு பெரிசு? 40 மடங்கு ஜூம் இருக்கிற சின்ன கேமராவே போதும்" என்கிறான். 50,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். எதை வாங்கட்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் எழுத்து தேய்ந்துபோன சுவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி இடங்களில், யாரோ ஒருவர் முன்பே எடுத்துவைத்த படம்தான் இப்போது மிச்சம். அதனால் நீங்கள் செய்வது வகுப்பறையோடு முடிகிற வேலை இல்லை. அதற்கேற்ற கேமரா உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கடைக்காரர், மகன் இருவருமே கேமராவின் உருவத்தை வைத்துப் பேசுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லான சென்சாரின் பரப்பையும், லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதையும். மண்டபத்துக்குள் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தை எவ்வளவு பிடிக்க முடியும் என்பது இந்த இரண்டின் கையில்தான் இருக்கிறது.

மகன் சொல்லும் 40 மடங்கு ஜூம் கேமரா அநேகமாகக் கேனன் எஸ்எக்ஸ்740 போன்ற ஒன்றாக இருக்கும். அதன் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 1500டி-யின் சென்சார் 22.3-க்கு 14.9 மி.மீ. பரப்பில் ஏறத்தாழ 12 மடங்கு வித்தியாசம். அந்தச் சின்ன கேமராவின் லென்ஸும் எஃப் 3.3-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). ஜூமை முழுக்க நீட்டினால் எஃப் 6.9 ஆகிவிடும். நல்ல வெயிலில் கோயில் விமானத்தின் மேல் நிலைகளில் இருக்கும் சிற்பங்களைக் கிட்டக் கொண்டுவந்து காட்டும். அதில் குறை சொல்ல மாட்டேன். மண்டபத்துக்குள் போனதும், குறைந்த வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக் காட்டும் அளவான ஐஎஸ்ஓ ஏறும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். அதைத் துடைக்கிறேன் என்று கேமராவே கல்லின் சொரசொரப்பை வழித்துவிடும். செல்போனில் உங்களுக்கு இப்போது நடப்பதும் இதுதான். அந்த மாடலில் ரா வடிவத்தில், அதாவது கேமரா கைவைக்காத மூலப் படமாகச் சேமிக்கவும் வழியில்லை. ஆகவே அது வேண்டாம்.

அப்படியானால் டிஎஸ்எல்ஆர்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இடையில் இன்னொரு வகை இருக்கிறது. பார்க்கச் சின்ன கேமராதான், ஆனால் உள்ளே 'ஒரு இன்ச்' சென்சார். பெயர்தான் ஒரு இன்ச். உண்மை அளவு 13.2-க்கு 8.8 மி.மீ. சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, கேனன் ஜி7 எக்ஸ் வரிசை எல்லாம் இந்த வகை. இவற்றில் பல மாடல்களின் லென்ஸ் எஃப் 1.8-இல் தொடங்கி, ஜூம் செய்தாலும் எஃப் 2.8-இல் நிற்கும். டிஎஸ்எல்ஆரோடு வரும் 18-55 லென்ஸ் எஃப் 3.5-இல் தொடங்கி 5.6-க்குப் போய்விடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1500டி-யின் சென்சார் ஒரு இன்ச் சென்சாரைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு பெரியது. ஆனால் எஃப் 2.8 லென்ஸ், எஃப் 5.6 லென்ஸைவிட 4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இருட்டில் அந்தச் சின்ன கேமராவும் 18-55 மாட்டிய டிஎஸ்எல்ஆரும் ஏறக்குறைய ஒன்றுதான். கடையில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். 'பெரிய கேமரா, நல்ல படம்' என்று நம்பி வாங்கி, கூட வந்த லென்ஸைக் கடைசிவரை கழற்றாமலேயே வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ.

டிஎஸ்எல்ஆரில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் கதை வேறு. 5.6-ஐ விடச் சுமார் 10 மடங்கு வெளிச்சம் வரும். சின்ன கேமரா பின்தங்கிவிடும். ஆனால் உங்கள் வேலையில் அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய சென்சாரில், முழுக்கத் திறந்த லென்ஸில், கிட்டத்திலிருந்து எடுத்தால் ஃபோகஸ் மிக மெல்லியதாக விழும். தாராசுரத்தில் நாயன்மார் கதைகளைச் சொல்லும் சின்னஞ்சிறு சிற்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். முகம் தெளிவாக இருக்கும், பின்னால் நிற்கும் ஆள் மங்கிப்போவார். அந்த ஆளையும் சேர்த்துத்தானே மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்? எஃப் 8-க்கு மூடினால் எல்லாம் தெளியும். ஆனால் வெளிச்சத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய லென்ஸ் அங்கே பயன்படாது. சின்ன சென்சாரில் முன்னும் பின்னும் தானாகவே கூடுதலாகத் தெளிவாக விழும். பின்னணி மங்கவில்லை என்று கல்யாணப் படம் எடுப்பவர்கள் குறையாகச் சொல்வது உங்களுக்கு வசதி.

என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது இன்னொரு விஷயம். கல்வெட்டுக்கு வெளிச்சம் நேராக விழக் கூடாது. பக்கத்திலிருந்து, சுவரை ஒட்டிச் சாய்ந்து விழ வேண்டும். அப்போதுதான் வெட்டின் ஒரு ஓரம் நிழலாகி எழுத்து எழுந்து நிற்கும். மண்டபத்துக்குள் இதற்கு ஒரு எல்இடி டார்ச் போதும். ஒரு கையில் டார்ச்சை நீட்டிப் பிடித்தபடி இன்னொரு கையால் படம் எடுக்க வேண்டும். 300 கிராம் எடையுள்ள கேமராவை ஒரே கையால் பிடித்து அழுத்தலாம். 1500டி உடல் மட்டுமே 475 கிராம். லென்ஸும் சேர்ந்தால் ஒற்றைக் கையில் ஆடாமல் நிற்காது. எப்போதும் டார்ச் பிடிக்க ஒரு மாணவி கூட வருவாளா? பஸ்ஸில் தனியாகப் போய், சாப்பாட்டு டப்பா, குடை, நோட்டு எல்லாம் தோளில் தொங்க, வெறுங்காலோடு சுடுகல்லில் நடக்கிறவருக்குக் கால் கிலோவும் கணக்குத்தான்.

ஆகவே என் பதில்: ஒரு இன்ச் சென்சார் உள்ள சின்ன கேமரா. விலையை மறைக்க மாட்டேன். புதிதாக வாங்கினால் நீங்கள் ஒதுக்கிய தொகையைத் தாண்டிவிடும், கடையில் காட்டிய டிஎஸ்எல்ஆரைவிடக்கூட அதிகமாகலாம். பழையது வாங்கத் தயங்காதீர்கள். 2014-இல் வந்த ஆர்எக்ஸ்100 மூன்றாம் மாடலைத் தேடுங்கள். எஃப் 1.8–2.8 லென்ஸ், ரா வசதி, வெயிலில் திரை தெரியாதபோது கண்ணை வைத்துப் பார்க்க மேலே எழும்பி வரும் வியூஃபைண்டர் எல்லாம் அதில் உண்டு. 2012-இல் வந்த முதல் மாடலும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஜூம் செய்தால் எஃப் 4.9-க்கு இறங்கிவிடும், வியூஃபைண்டரும் இல்லை. அது உங்களுக்கு ஆகாது.

பழையதை வாங்கும்போது ஜூமைப் பலமுறை உள்ளே வெளியே இழுத்துப் பாருங்கள். சத்தமோ திணறலோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜூமை நீட்டி, எஃப் 11-இல் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசி போயிருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றிச் சென்சாரைச் சுத்தம் செய்துவிடலாம். இதில் கேமராவையே பிரிக்க வேண்டும்.

நீங்கள் இழப்பது தூரம். இந்த லென்ஸின் ஜூம் சுமார் மூன்று மடங்குதான், விமானத்தின் உச்சி எட்டாது. ஆனால் நீங்கள் படிக்கும் கல்வெட்டுகள் பெரும்பாலும் கோயிலின் அடிப்பீடமான அதிட்டானத்திலும் சுவரிலும்தான் இருக்கின்றன. நடந்துபோய்க் கிட்டே நிற்கலாம்.

அப்புறம், கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிழக்குப் பார்த்த கோயிலில் வடக்குச் சுவர் ஆண்டின் பாதி நாள் நிழலிலேயே இருக்கும். சித்திரையிலிருந்து ஆவணிவரை சூரியன் வடக்கே சாய்ந்து உதிப்பதால், காலையிலும் மாலையிலும் வெயில் அந்தச் சுவரை உரசிக்கொண்டு போகும். உங்கள் மே மாத விடுமுறை இதற்குள்தான் வருகிறது. வடக்குச் சுவர் கல்வெட்டுகளை அப்போது எடுத்துவிடுங்கள். படத்தின் ஓரத்தில் ஒரு ஸ்கேல் தெரியட்டும். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸோ மாவோ தேய்ப்பவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுங்கள். தொல்லியல் துறைக் கோயில்களில் முக்காலிக்கு முன்அனுமதி வேண்டும். அதனால் முக்காலியை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கபடிக் குழுவின் ஆட்டங்களைச் செல்போனில் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டிருக்கிறேன். துபாயிலிருந்து வரும் அண்ணன் சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறார். டிஎஸ்எல்ஆர் கேட்கலாமா?
– வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: தாராளமாகக் கேளுங்கள் தம்பி. மேலே ஆசிரியைக்குச் சொன்னதை அப்படியே திருப்பிப் போட வேண்டிய வேலை உங்களுடையது. கல் அசையாது, பாடிப் போகிறவர் கோட்டைத் தொடுவதற்குள் நாலு பேர் மேலே விழுந்துவிடுவார்கள். டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் கண்ணாடி வழியாக ஆட்டத்தை நேராகவே பார்க்கிறீர்கள். திரையில் வரும் தாமதம் அங்கே இல்லை. ஃபோகஸும் சட்டென்று பிடிக்கும்.

ஆனால் 18-55 லென்ஸோடு நின்றுவிட்டால் இரவு ஆட்டத்தில் ஏமாற்றம்தான். அண்ணனிடம் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையும் சேர்த்துக் கேளுங்கள். டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் அதுவும் ஒன்று. ஆண்கள் ஆடுகளம் 13-க்கு 10 மீட்டர்தான். மூலையில் தரையோடு உட்கார்ந்தால், முழுக் களமும் அடங்காவிட்டாலும் பாடிப் போகிறவரும் அவரைப் பிடிப்பவர்களும் அந்த லென்ஸில் நன்றாக விழுவார்கள். எஃப் 2, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/500 நொடி என்று தொடங்குங்கள். சில படம் பளிச்சென்றும் சில படம் மங்கலாகவும் வந்தால் கேமராவைச் சந்தேகிக்க வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/500-இல் அந்த இறக்கம் மாட்டிக்கொள்கிறது. தொடர்ச்சியாக நாலைந்து எடுத்து நல்லதைப் பொறுக்குங்கள். கேனன் 1500டி நொடிக்கு 3 படம் எடுக்கும், நிக்கான் டி3500 5 படம். கபடிக்கு இந்த வித்தியாசம் பெரியது. டி3500-ஐ நிக்கான் இப்போது தயாரிப்பதில்லை, பழையதுதான் கிடைக்கும். அதை வாங்கினால் லென்ஸ் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கட்டும். அந்தக் கேமரா உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால், பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

'டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்தான்' என்று நண்பர்கள் சொல்வார்கள். கம்பெனிகளின் கவனம் அங்கே போய்விட்டது உண்மைதான். கேனன் டிஎஸ்எல்ஆருக்கு வாங்கும் லென்ஸை, நாளைக்கு அடாப்டர் போட்டு அவர்களுடைய ஆர் வரிசை மிரர்லெஸ்ஸிலும் மாட்டலாம். அதனால் காசு வீணாகாது. துபாயில் வாங்கினால் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று பில் போடும் முன் அண்ணனைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் போனில் 108 மெகாபிக்சல். டிஎஸ்எல்ஆரில் 24-தான். பிறகு எதற்கு டிஎஸ்எல்ஆர்?
– வாசகர், ஈரோடு

பதில்: 12-க்கு 18 இன்ச் ஆல்பம் பக்கத்தை, இன்ச்சுக்கு 300 புள்ளி என்று அச்சடிக்க ஏறத்தாழ 19 மெகாபிக்சல் போதும். 24 இருந்தாலே மிச்சம். 108 என்பது ஒரு சின்ன சென்சாரை இன்னும் நுணுக்கமாகக் கூறுபோட்ட எண்ணிக்கை. அதற்காகக் கூடுதல் வெளிச்சம் உள்ளே வந்துவிடாது. அந்தப் போனும் சாதாரணமாக ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். பகலில், குடும்பப் படத்துக்கு, அது அருமையான கேமராதான். இருக்கிறதே போதுமென்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: கடற்கரை ஊர். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத டிஎஸ்எல்ஆர் லென்ஸுக்குள் வெள்ளையாக நூல் போல ஏதோ தெரிகிறது. என்ன செய்வது?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பூஞ்சை பிடித்திருக்கிறது. ஆரம்பத்திலேயே லென்ஸ் மெக்கானிக்கிடம் கொடுத்தால் பிரித்துத் துடைத்துத் தருவார். நாள் கடந்தால் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. நீங்களே திறக்க வேண்டாம். மற்ற லென்ஸ்களை இப்போதே அதனிடமிருந்து பிரித்து வையுங்கள். கேமராவோடு கொடுத்த பையிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்; துணியும் பஞ்சும் ஈரத்தை விடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு அதில் வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல்லாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறையாவது கேமராவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள்.