கணினிக் கேள்வி பதில்: இடப்பக்கம் போகும் கோட்டுக்கு ஏன் பிழையான கோணம்?

கேள்வி: பைதனில் வரைதல் செய்நிரல் ஒன்று எழுதுகிறேன். திரையில் இரண்டு புள்ளிகளைச் சுட்டியால் அழுத்தினால் கோட்டின் கோணம் வர வேண்டும். படித்திறன் (வை வேறுபாட்டை எக்ஸ் வேறுபாட்டால் வகுத்தது) கண்டு நேர்மாறு தாஞ்சன் எடுக்கிறேன். இடப்பக்கம் போகும் கோடுகளுக்குப் பிழையான விடை வருகிறது. நிலைக்குத்துக் கோட்டில் செய்நிரலே நின்றுவிடுகிறது.
– உயர்தர மாணவர், கோண்டாவில்

பதில்: கோளாறு வகுத்தலில்தான். (100, 200) இலிருந்து (40, 280) வரை கோடு போடுங்கள். எக்ஸ் வேறுபாடு −60, வை வேறுபாடு 80. திரையில் வை கீழ்நோக்கிக் கூடும். பாடப்புத்தக அச்சுக்கு மாற்ற அதை −80 ஆக்குங்கள். இந்த மாற்றத்தை விட்டால் கோணம் எல்லாம் மேல்கீழாக வரும். இப்போது −80 ஐ −60 ஆல் வகுத்தால் 1.333, நேர்மாறு தாஞ்சன் 53.13 பாகை. அது வலப்பக்கம் மேலே போகும் கோட்டின் கோணம். உங்கள் கோடு போவதோ இடப்பக்கம் கீழே. இரண்டு கழித்தல் குறியும் வெட்டுப்பட்டதும் திசை தொலைந்துவிட்டது. நிலைக்குத்துக் கோட்டில் பூச்சியத்தால் வகுபடுவதால் வழு.

இஃப் நிபந்தனைகளை அடுக்கி ஒட்டுப்போட வேண்டாம். மத் (math) தொகுதியின் ஏடான்2 (atan2) சார்பு வகுக்காமல் இரண்டு வேறுபாடுகளையும் தனித்தனியே வாங்கும். வை முதலில், எக்ஸ் பிறகு: ஏடான்2(−80, −60). விடை −2.214 ஆரையன் (கோணத்தின் இன்னோர் அலகு). 180 ஆல் பெருக்கிப் பையால் (π) வகுத்தால் −126.87 பாகை. மறையாக வந்தால் 360 கூட்டுங்கள்: 233.13. பைதனில் 360 ஆல் மீதி எடுத்தாலும் இதே விடைதான். ஜாவாவில் மீதி மறையாகவே நிற்கும், அங்கே கூட்டத்தான் வேண்டும். எக்செலில் இதே சார்புக்கு எக்ஸ் முதலில். பலர் சறுக்குமிடம் இது.

ஒரே புள்ளியை இருமுறை அழுத்தினால் பைதன் பேசாமல் 0 தரும். அது கிடைக்கோடு அல்ல, கோடே இல்லை; முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குத் திசைகாட்டிக் கோணம் கணித்தால் 35 பாகை அளவில் வருகிறது. சரியா?
– வாசகர், நெல்லியடி

பதில்: இல்லை, ஏறக்குறைய 55. திசைகாட்டி வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணும். ஆகவே ஏடான்2 உள்ளீட்டின் ஒழுங்கை மாற்றி, கிழக்கு வேறுபாட்டை முதலில் கொடுங்கள். நெட்டாங்கு வேறுபாட்டை அகலாங்கின் கோசைனால் பெருக்குவதே முறை. எங்கள் பக்கம் அது 0.986 தான், விட்டாலும் அரைப் பாகைகூடப் பிசகாது.