எந்த இலை முதலில் விழுந்தது?

கேள்வி: வேலியோரம் வைத்த நந்தியாவட்டையும் ஆடாதொடையும் சில வாரங்களாக இலை கொட்டுகின்றன. வாடினாற்போல் இருந்ததால் தினமும் தண்ணீர் விடுகிறேன். அப்படியும் நிற்கவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்து வேண்டாம். தண்ணீரையும் இன்றோடு நிறுத்துங்கள். மண்ணில் நீர் இல்லாவிட்டாலும் செடி வாடும், வேர் அழுகினாலும் வாடும். மேலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மண்ணின் துளைகளில் எப்போதும் நீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சு முட்டிய வேர் ஈரத்தின் நடுவில் இருந்தும் நீரை உறிஞ்சாது. இலை தொங்கும், நாம் இன்னும் ஒரு வாளி ஊற்றுவோம். நம்மூர்ப் புதர்களில் பல இப்படித்தான் சாகின்றன.

எது காரணம் என்று மண்ணைத் தோண்டித்தான் சொல்ல முடியும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, 15 செ.மீ. ஆழத்துக்குக் கைக்கொத்தால் மெல்லக் கிளறுங்கள். கையில் எடுத்த மண் பிசுபிசுவென்று உருண்டையாகி, சாக்கடை வாடை அடித்தால் நீர் தேங்குகிறது. மெல்லிய வேர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கும், இழுத்தால் சட்டென்று அறும். அழுகிய வேரில் பழுப்பேறிய மேல்தோல் உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும், நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். இதைப் பார்த்துவிட்டால் வேறு சந்தேகமே வேண்டாம்.

அடுத்து வடிகால். செடிக்குச் சற்றுத் தள்ளி 30 செ.மீ. ஆழமும் அகலமும் உள்ள குழி எடுத்து நீர் நிரப்புங்கள். அது வடிந்தபின் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். முதல் முறை ஊற்றியதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, காய்ந்த மண் அதை வேகமாகக் குடித்துவிடும். மணிக்கு 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் அந்த இடத்தில் தினசரித் தண்ணீர் ஆகவே ஆகாது. ஓரமாக வாய்க்கால் வெட்டி நீரை வெளியேற்றுங்கள். இனி வைக்கும் செடிகளை ஓர் அடி உயர மேட்டில் வையுங்கள்.

தண்டடியில் மண்ணோ மூடாக்கோ (மண்ணை மூடப் போடும் இலைதழை) குவிந்திருந்தால் விலக்கிவிடுங்கள். மூடாக்கு 5 முதல் 7 செ.மீ. தடிமன் போதும், தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக இருக்க வேண்டும். வேர் அழுகல் உறுதியானால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். அது அழுகல் மேலும் பரவாமல் தடுக்கத்தான் உதவும், செத்த வேரை மீட்டுத் தராது. புதுத் துளிர் வரும்வரை உரம் எதுவும் போடாதீர்கள். உறிஞ்ச வேர் இல்லாத இடத்தில் போட்ட உரம் உப்பாகத் தங்கி மிச்ச வேரையும் கருக்கிவிடும். பிறகு, 7 செ.மீ. ஆழம் காய்ந்தபின் மட்டும், கிளைவிரிப்பின் ஓரத்தில், ஓர் அடி ஆழம் இறங்கும்படி நீர் விடுங்கள்.

கேள்வி: நொச்சி வெயில் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கிறது. பட்டுப்போய்விட்டதா?

பதில்: இலை உதிர்ந்துவிட்டது என்பதே ஓரளவு நல்ல செய்தி. காம்பின் அடியில் தனி அடுக்கு ஒன்றை உருவாக்கித்தான் செடி இலையைக் கழற்றுகிறது, அதற்குக் கிளையில் உயிர் வேண்டும். கிளை திடீரென்று செத்தால் இலை பழுப்பாகிக் காய்ந்து அங்கேயே தொங்கும், தட்டினாலும் விழாது. அதுதான் பயப்பட வேண்டிய அறிகுறி. நீர் குறையும்போது இலையைக் குறைத்துக்கொள்வது வறள்நிலப் புதர்களின் இயல்பு.

உறுதி செய்ய, கிளை நுனியில் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் ஒவ்வொரு சாணாகக் கீழே வந்து சுரண்டி, பச்சை தொடங்கும் இடத்துக்குக் கீழே ஒரு கணுவுக்கு மேல் வெட்டிவிடுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக நீர் விட்டால் போதும்.

கேள்வி: சுவரோர வெட்சியில் கொழுந்து இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. பிறகு உதிர்கின்றன. தழைச்சத்துக் குறைவா?

பதில்: இல்லை, இரும்புச்சத்துக் குறைவு. தழைச்சத்தையும் மெக்னீசியத்தையும் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும், அதனால் அந்தக் குறைகள் அடியிலைகளில் தொடங்கும். இரும்பு அப்படி நகராது. அது குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். வெட்சி புளிப்பு மண்ணை விரும்பும் செடி. சுவர்ப் பூச்சிலிருந்து கரையும் சுண்ணாம்பும் உப்புத் தண்ணீரும் மண்ணைக் காரமாக்க, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது.

லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. கரைசலை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும், சுவரில் பட்டால் துருக்கறை போகாது. இது உடனடி நிவாரணம்தான். மண்ணில் மட்கிய தொழுவுரம் சேர்த்து, முடிந்தபோதெல்லாம் மழைநீர் கொடுத்து வந்தால்தான் குறை திரும்பாது.

கேள்வி: செம்பருத்தியில் ஒரு பக்கம் மட்டும் இலை கொட்டுகிறது.

பதில்: ஒரு பக்கம் மட்டும் என்றால் சத்துக்குறை இருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் கிளையை அடிவரை தடவிப் பாருங்கள். துளையும் அதைச் சுற்றி மரத்தூளும் இருந்தால் தண்டுத் துளைப்பான், துளைக்குக் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். துளை இல்லாவிட்டால் அந்தப் பக்கத்து மண்ணில் அண்மையில் யாராவது பள்ளம் தோண்டினார்களா, களைக்கொல்லி தெளித்தார்களா என்று விசாரியுங்கள்.

கேள்வி: இன்னொரு நந்தியாவட்டையில் இரண்டே நாளில் பாதி இலை காணோம். தரையிலும் இலை இல்லை.

பதில்: தரையில் இலை இல்லாவிட்டால் அது உதிரவில்லை, தின்னப்பட்டிருக்கிறது. செடியடியில் மிளகைவிடப் பெரிய கரும் எச்சங்கள் கிடந்தால் அதற்கு நேர் மேலே தேடுங்கள். விரல் பருமனில், தலைப்பக்கம் நீலக் கண்போன்ற புள்ளிகளோடு பச்சைப் புழு இருக்கும். அது பெரிய அந்துப்பூச்சி ஒன்றின் புழு. வளர்ந்த செடி இதைத் தாங்கி மீண்டும் தழைத்துவிடும், அதனால் விஷம் தெளிக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. செடி சிறிதானால் மட்டும் புழுக்களைக் கையால் எடுத்துப் பெரிய நந்தியாவட்டையில் விடுங்கள்.